காலும் காகிதமும்

இங்கிலாந்து தேசத்தில், டெர்பிஷயர் ஜில்லாவிலே ஹேஃபீல்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து மலைச்சரிவில் ஏறி, கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தின் ஓரமாக ஸ்நேக் கணவாயை நோக்கி ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. சாதாரணப் பாதைதானே என்று அதை நாம் அலட்சியம் செய்தலாகாது. பிரபுக்கள் வேட்டைக்கென்று காவல் போட்டிருந்த நிலம் அது. 1894-ல் மான்செஸ்டரில் தோன்றிய நடைபாதைப் பாதுகாப்புச் சங்கத்தார் நிலச் சொந்தக்காரர்களுடன் பேசி, 1897-ல் அவ்வழியை ஜனங்களுக்குத் திறந்து வைத்தார்கள். அச்சங்கத்தின் பச்சை வர்ணக் கைகாட்டிப் பலகைகளை அப்பிரதேசத்தில் இன்றும் காணலாம்.

ஒரு வழி ஒரு தடவை பொதுவழி ஆகிவிட்டால், சட்டப்படி மூடப்படும் வரையில் அது பொதுவழியே என்பது அந்நாட்டு நியாயம். நூறு வருஷம் எவரும் கால் வைக்காவிட்டாலும் பாத்தியதை அழியாது. ஆனால் பாத்தியதை இருந்தால் மட்டும் போதுமா? ருசு வேண்டாமா? ஆகவே 1949-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, பொதுவழிகள் யாவற்றையும் படத்தில் பதியும்படி ஜில்லா சபைகளுக்கு உத்தரவிட்டது. கிராமத்தார் நடந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். சிலர் சிரத்தையுடன் குறித்தனர். சிலர் பாதிப் பாதைகளை விட்டுவிட்டனர். ராம்ப்ளர்ஸ் என்னும் நடைப் பிரயாணிகள் சங்கத்தார் 2020-ல் பழைய படங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட பாதைகள் விடுபட்டிருக்கக் கூடும் என்று கண்டார்கள்.

விடுபட்ட பாதைக்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? இங்கேதான் வேடிக்கை. 1910-ல் சர்க்கார் நிலமதிப்புக்கு வரி விதித்தது. தம் நிலத்தின் ஊடே பொதுவழி செல்வதாகச் சொன்னால் மதிப்புக் குறையும்; வரியும் குறையும். நிலச் சொந்தக்காரர் பலர் அப்படியே எழுதி வைத்தனர். வரிக்குப் பயந்து தாத்தா ஒப்புக்கொண்ட பாதையை இன்று பேரன் மறுக்க முனைந்தால், அந்தப் பழைய ஏடே எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கிறது!

ஆனால் ஏடுகளைத் தேடுவதற்கும் ஒரு கெடு வந்தது. 1949-க்கு முற்பட்ட பாதைகளை 2026 ஜனவரி முதல் தேதிக்குள் பதியாவிட்டால் பாத்தியதை போய்விடும் என்று 2000-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. ஜனங்கள் ஓயாமல் முறையிட்டார்கள். 2023-ல் இங்கிலாந்துக்குக் கெடு 2031 வரை நீண்டது; 2024 டிசம்பரில் அதை அடியோடு நீக்கப் போவதாகவே சர்க்கார் அறிவித்தது.

கெடு நீங்கினாலும் வேலை நீங்கவில்லை. பழைய சாட்சிகள் மறைந்து வருகின்றன. வேலிகளோ நாள்தோறும் எழும்புகின்றன. முன்னோர் காலால் போட்ட வழியைப் பின்னோர் காகிதத்திலும் காப்பாற்றியாக வேண்டும்.