எத்தனை கட்டை?

"ஒத்திகையே பார்க்காமல் விடிய விடிய நாடகம் போடுகிறார்கள், வந்து பாருங்கள்" என்று மதுரையில் வாத்தியாராக இருக்கும் நண்பர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். பங்குனித் திருவிழாவுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 'வள்ளி திருமணம்' என்று அவர் நோட்டீஸ் அனுப்பியதும் கிளம்பிவிட்டேன். நோட்டீஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர்ப்பெயர், செல்போன் எண். நாரதர் புதுக்கோட்டை, வள்ளி மதுரை, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் காரைக்குடி. இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி என்று ஒன்று இல்லை. ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள்.

மேடைக்குப் பின்னால் கீற்று மறைப்பு. நாரதர் வேடம் போடுகிறவருக்கு அறுபது தாண்டியிருந்தது. டிரங்குப் பெட்டி மூடியில் சாய்த்து வைத்த கண்ணாடியில் குனிந்து புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"அண்ணே, எத்தனை கட்டை?"

"மூணு போதும்ப்பா. வயசுல அஞ்சுல பாடுனவன்தான்."

சுருதியைக் கேட்டாயிற்று, அவ்வளவுதான் ஒத்திகை.

"எப்படிங்கய்யா முடியுது?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே வாத்தியாருல்ல" என்று மேலே கை காட்டினார். அவர் சொன்னது 'வள்ளி திருமணம்' எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளை.

1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சுவாமிகள். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இருபத்துநாலு வயதில் நாடகத்துக்கு வந்து இரணியன், இராவணன், எமன் என்று மிரட்டும் வேடங்களாகக் கட்டினார். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைப் பார்த்து மிரண்ட ஒரு பெண்ணுக்கு விபரீதமாகிவிட, அதோடு நடிப்பை விட்டார் என்பார்கள். பிறகு எழுத்தும் பயிற்றுவிப்பும்தான். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடகக்காரர்கள் சலிக்காமல் சொல்லும் கதை. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பக்கவாதத்தில் பேச்சு முடங்கி, 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

காலமாகி நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி மேடையில் யார் எங்கே நுழைவது, எந்தப் பாட்டுக்கு யார் பதில் பாடுவது என்பதையெல்லாம் அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குப் பபூன் வந்தார். அவரும் டான்ஸ்காரப் பெண்ணும் பேசிய இரட்டை அர்த்தத்தை என்னால் ரசிக்க முடியவில்லை. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நடுச்சாமத்துக்கு மேல் நாரதர், வள்ளி தர்க்கம். மூன்று கட்டைக்காரர் முதல் பாட்டில் திணறினார். ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றவில்லை. தன் குரலைக் கொஞ்சம் தூக்கிப் பெரியவரின் குரலுக்கு அடியில் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பாட்டில் பெரியவர் அந்தப் பிடியை உதறிவிட்டுத் தனியாகவே மேலே போனார். முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருந்த கிழவி ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். வள்ளியாக நடித்த பெண்ணும் சளைக்கவில்லை. ஒரு கேள்விக்குப் பாடத்தில் இல்லாத பதில் ஒன்றைச் சொல்ல, நாரதர் ஒரு கணம் திகைத்துச் சப்ளாக்கட்டையைத் தட்டிச் சமாளித்தார். எனக்குப் பாதி விளங்கவில்லை. கிழவிக்கு முழுக்க விளங்கியிருக்க வேண்டும், "போடு!" என்றாள்.

விடிந்ததும் சம்பளம். ஊர்க்காரர்கள் கொடுத்த தொகைக்கும் நாரதர் மடியில் முடிந்துகொண்ட தொகைக்கும் நடுவில் ஏஜெண்டு நிற்கிறார். ராத்திரி முழுக்கத் தொண்டையைக் கிழித்தவருக்குப் பேரம் பேச வாயில்லை. பேசினால் அடுத்த தேதி கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நாடகமில்லாமல் கிடக்கும்போது இந்த ஏஜெண்டு வீட்டில் ஒருவேளைச் சோறு போடுவாரா என்று நான் பொங்கினேன். "கடன் குடுப்பாரு சார்" என்றார் பெரியவர். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அவர் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். காதோரம் அரிதாரம் இன்னும் போகவில்லை. அன்று ராத்திரி அவருக்குப் பரமக்குடிப் பக்கம் அதே நாரதர். வள்ளி யார் என்று கேட்டேன். மடித்து வைத்திருந்த நோட்டீஸைப் பிரித்து, கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, "புதுப்பொண்ணு" என்றார்.