கொரங்காடு

எங்கள் 4 ஏக்கர் காட்டைப் பொக்லைன்காரர் இரண்டே நாளில் வெட்டவெளியாக்கிவிட்டார். பெங்களூரில் இருந்தபடி வீடியோ காலில் பார்த்தேன். சீமைக்கருவேல் மண்டி, நாய்கூட நுழைய முடியாமல் கிடந்த இடம். நிம்மதியாக இருந்தது. அப்பா போனைத் திருப்பி, வேரோடு சாய்ந்து கிடந்த வெள்வேல மரத்தைக் காட்டினார்.

"இதையுமா கண்ணு எடுக்கச் சொன்னே?"

நான்தான் சொல்லியிருந்தேன். "எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணா."

காங்கேயம் பக்கம் மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே அங்கங்கே வெள்வேலமரம். வெள்வேலின் நிழல் மெல்லியது, அதனடியிலும் புல் வளரும். கோடையில் புல் காய்ந்துவிட்டால் அதன் காய்தான் ஆடுமாட்டுக்குத் தீனி. எங்கள் காடும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. நான் வேலைக்குப் போனேன், அப்பாவுக்கு மூட்டுவலி வந்தது, மாடுகள் இரண்டாகக் குறைந்தன. மேய ஆளில்லாத காட்டைக் கருவேல் எடுத்துக்கொண்டது.

ஐப்பசி மழைக்குப் பிறகு அப்பா அனுப்பிய போட்டோவில் காடு முழுக்கப் பச்சை. புல் என்று நினைத்து ஹார்ட் போட்டேன். அத்தனையும் கருவேலங்கன்று. மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த விதைக்கு நான்தான் வெயிலைத் திறந்துவிட்டிருக்கிறேன். முறித்துவிட்டு அடிக்கட்டையை விட்ட இடங்களில் அது நாலைந்து கிளையாகத் தழைத்திருந்தது.

ஆபீசிலும் எனக்கு இந்த வியாதி உண்டு. புரியாத பழைய கோடைப் பார்த்தால், அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாம் என்று தோன்றும். அதில் எந்த வரி எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அழித்தபிறகுதான் தெரியும்.

அந்தச் சித்திரையில் இரண்டு மாட்டில் ஒன்றைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டினோம். தீனி இல்லை, சோளத்தட்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மற்றது சினை என்பதால் தப்பித்தது. திரும்பி வரும்போது அப்பா வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகு அவர் சொன்னபடி செய்தோம். ஈரம் இருக்கும்போதே கன்றுகளை வேரோடு பிடுங்கினோம், கட்டைகளைக் கடப்பாரையால் நெம்பினோம். பக்கத்துக் காட்டில் கொழுக்கட்டை விதை உருவினோம். பஞ்சு மாதிரி, காற்றில் பறந்துவிடும். சாணியும் மண்ணும் கலந்து உருட்டி, புரட்டாசியில் மழைக்கு முன்னால் வீசினோம். ஒரு வருஷம் எதையும் மேயவிடவில்லை.

கோடையிலேயே அப்பா இன்னொன்றும் செய்திருந்தார். கருவேல் இல்லாத கொரங்காட்டில் மேய்ந்த செம்மறி ஆடுகளாகப் பார்த்து, எங்கள் காட்டில் பட்டி போடச் சொன்னார். புழுக்கைதான் உரம் என்று நினைத்தேன்.

இப்போது மூன்றாவது வருஷம். பாதிக் காட்டில் புல் முழங்கால் உயரம். கன்றுக்குட்டி அதில் மறைந்து மறைந்து ஓடுகிறது. மீதிப் பாதியில் இன்னும் கருவேல் பிடுங்குகிறோம். போன மாதம் பட்டி போட்ட இடத்தில் பிடுங்கப் போனவனின் கையை அப்பா பிடித்து நிறுத்தினார்.

"அது வெள்வேலான். ஆடு தின்ன காயிலிருந்து வந்தது."

எண்ணினேன், 11 கன்று. எல்லாம் சாண் உயரம். ரெண்டு இனத்துக் கன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. அதனால் அவர் வரப்பில் உட்கார்ந்து காட்டக் காட்ட, கேட்டுக் கேட்டுத்தான் பிடுங்குகிறேன்.