அப்பாவின் ஹெரால்டுக்கு ரப்பர் புஷ்

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டொக்' என்று ஓர் ஒலி எழும். இரண்டு ஆண்டுகளாக அதனோடு வாழப் பழகியிருந்தேன். சென்ற மாசியில் முதுகுவலியால் படுத்தெழுந்த அப்பா, "இனிமே நான் இதுல வரலப்பா. ஒவ்வொரு அடியும் இடுப்புல விழுது" என்றார். 1984இல் பழைய வண்டியாக அவர் ஆசையோடு வாங்கியது. ஞாயிறுதோறும் விடியலில் வேங்கிக்காலிலிருந்து புறப்பட்டு அதில் மலையை ஒரு சுற்று சுற்றி வருவதுதான் அவருக்கு எஞ்சியிருந்த பயணம்.

ஹெரால்டு ஒரு குடும்ப வண்டி. ஆனால் அதன் உறவு பெரிது. இத்தாலியரான மிச்செலோட்டி வடிவமைத்து 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகப் பிறந்தது. அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, முன்பக்க சஸ்பென்ஷனையும் எடுத்துக்கொண்டு உருவானதே 1962இன் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் கார். சென்னைத் தொழிற்சாலை 1980களின் இறுதியில் ஓய்ந்துவிட்டது. ஸ்பிட்ஃபயருக்கான உதிரிகளோ இங்கிலாந்தில் இன்றும் புதிதாக வார்க்கப்படுகின்றன.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகள் சட்டத்தோடு சேருமிடத்தில் இருந்த ரப்பர் புஷ் பொடிந்து, இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்தன. எனக்கு வகுப்பறை நினைவு வந்தது. இரண்டு உயிர்கள் நேரே சந்தித்தால் இடையில் உடம்படுமெய் வரவேண்டும் என்று ஆண்டுதோறும் நடத்துகிறேன். இங்கே அந்த மெய் தேய்ந்துபோயிருந்தது.

முதல் தெரிவில் ஏமாந்தேன். பிரிக்காத பழைய உறையில் இருந்த புஷ்களைப் 'புத்தம் புதியவை' என்று ஒரு கடையில் வாங்கிப் பொருத்தினோம். மூன்றே மாதத்தில் ஒலி திரும்பியது. ரப்பர் உறைக்குள் இருந்தாலும் மூப்படையும் என்பதை அப்போது உணரவில்லை. எங்கள் பிழையும் ஒன்று இருந்தது. இவ்வகைப் புஷ்ஷில் ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு மீள்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியவுடன் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். பிறகு கிழிவதற்கு அதிக நாள் ஆகாது.

இரண்டாம் முறை மூன்று வழிகள் இருந்தன. லேத்தில் நைலானைக் கடைந்து போடலாம். மலிவு, ஆனால் அதிர்வைத் தாங்காமல் அப்படியே கடத்தும். ஸ்பிட்ஃபயர்க்காரர்கள் விரும்பும் பாலியூரித்தேன் புஷ்ஷை வரவழைக்கலாம். எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுநாள் உழைக்கும், வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கும். ஆயினும் ரப்பரைவிட அது கடினம். மூன்றாவது, அண்மையில் வார்த்த ரப்பர்.

நானும் என் மகனும் மட்டும் ஓட்டுவதென்றால் பாலியூரித்தேனே சரி. எங்கள் வண்டி வளைவுகளில் பாயப்போவதில்லை. அதில் ஒரு முதிய இடுப்பு உட்காரவேண்டும். ரப்பரையே வரவழைத்தேன்.

"சில வருஷத்துல மறுபடி மாத்தணும் சார்" என்றார் மெக்கானிக். "மாத்திக்கலாம்" என்றேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது என்பதை இருவருமே பேசவில்லை.

இம்முறை போல்ட்டுகளைத் தளர்வாகவே மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எங்கள் இருவர் எடையையும் முன்னிருக்கைகளில் ஏற்றிய பிறகே அவருடைய உதவியாளர் இறுக்கினார். கையோடு டிரனியனுக்கு கிரீஸுக்குப் பதில் 90 கியர் ஆயிலும் விட்டார்கள். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

அடுத்த ஞாயிறு அப்பாவை வற்புறுத்தித்தான் ஏற்றினேன். கதவின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி வந்தார். மூன்றாவது வேகத்தடை தாண்டியதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சற்றுக் கழித்து என் பக்கம் திரும்பி, "சத்தம் எங்க போச்சு?" என்று கேட்டார்.