எழுந்து ஆடுடா!

திருத்தணிக்குப் போனால் 365 படிகளையும் ஏறி இறங்கிவிட்டுத்தான் தங்கை வீட்டில் காப்பி என்பது என் நெடுநாளைய விரதம். சென்ற தை மாதம் அது முறிந்தது. ரயிலை விட்டு இறங்கியதுமே தங்கை மகன் என்னை மைதானத்துக்கு இழுத்துப் போய்விட்டான்.

நகரியிலிருந்து ஒரு கோஷ்டி கிரிக்கெட் ஆட வந்திருந்தது. ஆந்திர எல்லை பக்கத்தில்தானே! அங்கே தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் வரும். இரு தரப்புக்கும் இரண்டும் புரியும்.

கார்க் பந்து. பையனின் தலையில் வெறும் துணித் தொப்பி. வயது பதினான்கு. குத்தி எழும்பிய பந்து ஒன்று காதுக்கு மேலே 'டக்'கென்று பட்டது. சுருண்டு விழுந்தான். எல்லோரும் ஓடினார்கள். நான் குடை நிழலை விட்டு எழுந்திருக்காமலே, "ஒன்றுமில்லை, எழுந்து ஆடுடா!" என்று கத்தினேன். எழுந்தான். ஒரே கைதட்டல். ஏதோ நானே அடி வாங்கி எழுந்தாற்போல எனக்குப் பெருமை!

வீடு திரும்பும்போது, "மாமா, யார் ஜெயிச்சது?" என்றான். "நாமதாண்டா" என்றேன். பத்தடி நடந்ததும் அதே கேள்வி. தெருமுனையில் மறுபடியும். ஜெயித்த செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்க ஆசை போலும் என்று தங்கையிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இரவு பையன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டானா? மூளை குலுங்கியதற்கு அது அடையாளம். அதோடு ஆடவிட்டீர்களா? இன்னொரு அடி பட்டிருந்தால்..." என்று ஆரம்பித்த டாக்டர், தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ராமன் லாம்பாவின் நினைவு வந்தது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஓர் ஆட்டம். மட்டைக்காரருக்கு மிக அருகே நிற்கப் போனவரிடம், ஹெல்மெட் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். ஓவரில் மூன்று பந்துதானே பாக்கி என்றாராம் லாம்பா. பந்து நெற்றியில் பட்டுத் தெறித்தது. தன் காலால் நடந்தே உள்ளே போனார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கியில் மோதித் தள்ளுவதே ஆட்டத்தின் பாதி. 1968இல் பில் மாஸ்டர்டன் என்பவர் ஹெல்மெட் இல்லாமல் ஆடி, மோதலில் பின்னால் சாய்ந்து, தலை பனியில் அடிபட்டு மாண்டார். அதன் பிறகும் புதிதாக வருகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாவதற்குப் பதினோரு வருஷம் ஆயிற்று! வெறுந்தலையோடு ஆடுவதுதான் ஆண்மை என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது. குடை நிழலில் உட்கார்ந்து கத்திய நான் அவர்களைச் சொல்ல என்ன யோக்கியதை?

கிரிக்கெட்டில் 2019இல் ஒரு நல்ல விதி வந்தது. தலையில் அடிபட்டு மூளை குலுங்கியவனுக்குப் பதிலாக இன்னொருவன் வந்து ஆடலாம். ஆட முடியுமா என்று அடிபட்டவனிடம் கேட்டுப் பயன் என்ன? ரோசம் உள்ள எவன் முடியாது என்பான்?

பையன் பிழைத்தான். சில வாரம் ஆட்டமே கூடாது என்று உத்தரவு. தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. நான் ஊருக்குக் கிளம்பும்போது பையன் திண்ணை வரைக்கும் வந்தான்.

"மாமா, கண்ணெல்லாம் இருட்டிண்டு வந்தது. உங்க குரல் கேட்டுதான் எழுந்தேன்" என்றான், பெருமையாக.