இடையில் நிற்கும் தண்ணீர்

"கப்பலைப் படம் பிடிச்சியா?" என்று கேட்பவர்கள் முழுக் கப்பலைத்தான் கேட்கிறார்கள். கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸுக்கு அப்படியொரு படம் எடுக்க வழியில்லை. நீளம் 182 மீற்றர். நல்ல தெளிவான நாளிலும் முப்பது மீற்றருக்கு அப்பால் கண் எட்டுவது அபூர்வம். நூற்றுக்கணக்கான துண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்துக் கணினியில் ஒட்டினால் உருவம் வரும். அதைப் படம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. 307 பேர் மாண்டார்கள். மட்டக்களப்புக்கு நேரே, 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து சுபஹோடு கிளம்பிக் கல்முனை தாண்டிப் போய்ப் படகேற வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும், கமராவைத் தொடவே வேண்டாம். சித்திரைக்குப் பிறகுதான் எங்கள் வேலை.

வேலை என்பது, கமராவுக்கும் பொருளுக்கும் இடையில் நிற்கும் தண்ணீரைக் குறைப்பது. சிவப்பு நிறம் முதல் பத்து மீற்றருக்குள்ளேயே போய்விடும். கீழே பீரங்கியும் பாரை மீனும் ஒரே நீலச் சாம்பல். முழத் தூரத்துக்கு நெருங்கி லைட் அடித்தால்தான் இரும்பில் படர்ந்த கடற்பஞ்சின் செம்மஞ்சள் தெரியும். லைட் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் மிதக்கும் தூசெல்லாம் மழையில் ஹெட்லைட் அடித்த மாதிரிப் பளிச்சிடும். அதனால் இரண்டு பக்கமும் நன்றாக விரித்து வைப்போம். தட்டுக்கு அடியில் நின்று எடுப்பதென்றால் இன்னொரு தொல்லை: நம் மூச்சுக் குமிழியே மேலே போய் முட்டித் துருவை உதிர்க்கும். அங்கே முதல் படத்தோடு சரி.

அந்த ஆழத்தில் நைதரசன் மயக்கம் புத்தியை மந்தமாக்கும். சில நிமிடம் வேலை, பிறகு கயிற்றைப் பிடித்தபடி நெடுநேரம் நின்று நின்று ஏற வேண்டும். எதை எடுப்பது என்பதைப் படகிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

"உள்ள தங்கம் கிடக்கா தம்பி?" என்பார்கள் படகுக் காக்காமார். 1961இல் தெற்கே கிரேட் பாசஸ் வெளிச்சவீட்டருகே முகலாய வெள்ளி நாணயங்கள் கிடைத்த கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஹெர்மிஸில் நான் காண்பது களவாயும் அறுந்த வலைகளும்தான். அந்தப் படங்களை போனில் காட்டினால் தங்கம் மறந்துபோகும். பெரிதாக்கிக் கண்ணி அளவைப் பார்த்து, இது யாருடைய வலை என்று தர்க்கம் தொடங்கிவிடும்.