தீவின் மறைவில் கிடைத்த நேரம்



புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்னும் கடற்படை அதிகாரிகள் இருவர், 'தாரிணி' என்ற 17 மீட்டர் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்ததைக் குறித்து நம் வாலிபர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டவர்கள், 2025 மே 29 அன்று திரும்பினார்கள். "அந்த அலையில் படகின் சன்னல் உடைந்துவிடாதா ஐயா?" என்று பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி, அன்று முழுமையாகப் பேச நேரமில்லை.

உடையக்கூடும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிலோ எடையுள்ளது. அது கூரைமேல் பெய்யும் மழையைப் போல அல்ல, இடிந்து விழும் சுவரைப் போல வருகிறது. இதில் வியப்பு என்னவெனில், அலை மோதுகிற பக்கம் தப்பி, மறுபக்கத்துச் சன்னல் நொறுங்குவதுண்டு. அலை படகைத் தூக்கிப் பள்ளத்தில் எறிகிறது. படகு பக்கவாட்டில் நீர்மேல் விழுகிறது. அந்த வேகத்தில் நீர் கல்லைப் போலக் கடினமாகிறது. காற்று வரும் திசையை மட்டும் பார்த்துக் காவல் செய்தவன் ஏமாந்துபோவான்.

ஆகவே மாலுமிகள் சன்னல்களுக்கு வெளிப்புறமாகப் புயல்மூடிகளைப் பூட்டுகிறார்கள். ஒட்டுப்பலகையிலோ பாலிகார்பனேட் தகட்டிலோ அவற்றை அறுத்து, விளிம்பில் ரப்பர் வைத்து, போல்ட்டு போட்டு முடுக்குகிறார்கள். நம் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: அந்தந்தப் பாத்திரத்துக்கு அந்தந்த மூடி. அளவெடுப்பதும் துளையிடுவதும் துறைமுகத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அலை தளத்தின்மேல் ஏறத் தொடங்கியபின் போல்ட்டோடு வெளியே போகிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

ஒட்டுப்பலகை பூட்டினால் உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. அலை வருவது தெரியாது, ஓசை மட்டுமே கேட்கும். வானம் சற்றுத் தெளிந்திருக்கும்போதே அந்த இருட்டை ஏற்றுக்கொள்வது எளிதல்ல. பலர் மூடியைத் தள்ளிப்போடுவதற்குச் சோம்பலைவிட இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூடிகளும் எல்லாவற்றையும் காக்கமாட்டா. இந்திய இராணுவத்தில் பிரிகேடியராக இருந்த மைல்ஸ் ஸ்மீட்டன், தம் மனைவி பெரிலுடனும் நண்பர் ஜான் கஸ்வெல்லுடனும் 'சூ ஹாங்' என்ற படகில் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னமெரிக்க முனையை நோக்கிச் சென்றார். 1957 பிப்ரவரியில் ஓர் அலை படகை முன்புறமாகக் குப்புறக் கவிழ்த்தது. பாய்மரங்கள் போயின. சன்னல்களோடு தளத்தின் மேலறையே பெயர்ந்துபோய், அவ்விடத்தில் ஆள் உயரத் துவாரம் விழுந்தது. கடலில் எறியப்பட்ட பெரில் காயத்தோடு நீந்தி வந்து ஏறினார். கஸ்வெல் கைதேர்ந்த தச்சர். கிடைத்த பலகைகளையும் பாய்த்துணியையும் கொண்டு துவாரத்தை அடைத்தார். மற்ற இருவரும் வாளியால் நீரை இறைத்தார்கள். படகு சிலி நாட்டுக் கரையை அடைந்தது. அந்தத் தச்சுக்கலை, அவர் அந்தப் பயணத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது.

இதை வாசிக்கும்போது அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. யூரோக்கிலிதோன் காற்றில் அகப்பட்ட பவுலின் கப்பல், கிலவுதா என்ற சிறு தீவின் மறைவில் சற்று நேரம் ஓடியது. நாம் அந்த வரியை விரைவாகக் கடந்துவிடுகிறோம். இழுபட்டுவந்த படகைச் சிரமப்பட்டுத் தூக்கிக் கட்டியதும், கப்பலைச் சுற்றிக் கயிறுகளால் வரிந்ததும் அந்த மறைவில்தான். அதற்கப்பால் பல நாட்கள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அந்தச் சிறு வேளையை அந்த மாலுமிகள் இளைப்பாறுவதில் கழிக்கவில்லை. ஆர்டர் குறைந்து, வாரத்தில் சில நாட்களே மிஷின் ஓடும் இந்நாட்களில், சில வீடுகளில் மாலை வேளை ஓய்வாயிருக்கிறது. கடன் சீட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்க்கவும், பேசாதிருக்கும் அண்ணன் தம்பிமார் உட்கார்ந்து பேசவும் அந்த மாலைகளில் இடமுண்டு.

கயிறு வரிந்த அந்தக் கப்பலும் மெலித்தா தீவின் கரையில் உடைந்துதான் போனது. அதிலிருந்த 276 பேரும், சிலர் நீந்தியும் சிலர் பலகைகளைப் பற்றியும், கரையேறினார்கள்.