முகமறியாதவர் தந்த கொடை

சில ஆண்டுகளுக்கு முன், திருகோணமலை நகர வைத்தியசாலையின் தாழ்வாரத்தில் ஓரிரவு முழுவதும் நாம் விழித்திருந்தோம். எமது தமக்கையாரின் மகள் ஆண் மகவொன்றைப் பெற்றெடுத்திருந்தாள். மகிழ்ச்சி நாழிகையும் நீடிக்கவில்லை. "உதிரப்போக்கு நிற்கவில்லை, இரத்தம் ஏற்றுகிறோம்" என்று தாதியார் ஒருவர் கூறிச் சென்றார்.

உடனே இரத்த வங்கிக்கு ஓடினோம்; எமது இரத்தத்தை எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடினோம். அங்கிருந்த உத்தியோகத்தர் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, உங்கள் இரத்தத்தைச் சோதிக்காமல் கொடுக்க இயலாது. பிள்ளைக்கு வேண்டியது முன்னமே போய்விட்டது. யாரோ தந்து வைத்திருக்கிறார்கள்."

நாம் தலைகுனிந்தோம். அவ்வாண்டிலேதான், அயலில் நடந்த இரத்ததான முகாமைக் கண்டும், ஊசிக்கு அஞ்சி, அலுவலைச் சாட்டி நழுவியிருந்தோம்.

இரத்தப் பிரிவுகளை 1901இல் கண்டறிந்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். 1937இல் சிக்காகோ நகரில் பேர்னாட் ஃபன்டஸ் என்னும் வைத்தியர், தாம் நிறுவிய சேமிப்பு நிலையத்துக்கு 'இரத்த வங்கி' எனப் பெயரிட்டார். பொருத்தமான பெயரே! முன்பே இட்டு வைத்தாலன்றோ வேண்டும்போது எடுக்கலாம்? ஆயினும் இவ்வங்கியில் இருப்பு நிலைப்பதில்லை. குளிரில் வைத்த செவ்வணுக்கள் ஐந்தாறு வாரங்களே பயன்படும். குருதிச் சிறுதட்டுக்களோ ஏறக்குறைய 5 நாட்களே. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, மலேரியா முதலிய நோய்களுக்கான சோதனைகளும் முடிந்த பின்னரே இரத்தம் நோயாளியைச் சேரும். ஆகவே, ஆபத்து வந்தபின் ஓடி வரும் உறவினனைவிட, அதற்கு முன்னரே வந்து சென்ற அந்நியனே உயிர் காக்கின்றான்.

2014 முதல் இலங்கையின் இரத்த வங்கிகள், கைம்மாறு கருதாது தாமாக முன்வரும் கொடையாளரையே முற்றாக நம்பியிருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் எமது நகரில், அன்று அப்பெண்ணின் உடலிற் கலந்தது எவருடைய இரத்தம்? பையின்மேல் பிரிவும் இலக்கமும் இருந்தன. இனமும் மதமும் இல்லை.

இன்று அச்சிறுவன் உப்புவெளிக் கடற்கரையில் ஓடி விளையாடுகிறான். நாமோ நான்கு மாதங்களுக்கொருமுறை கை நீட்டுகிறோம். ஊசியைக் கண்டால் அச்சம் இன்னும் உண்டுதான். பதினெட்டு வயது நிரம்பிய மாணவர்களே, உடல்நலமிருப்பின் நீங்களும் வாருங்கள். எமக்குக் கடன் தந்தவர் யாரென அறியோம். ஆதலின் யாருக்கோ அதனைத் திருப்பிச் செலுத்தி வருகின்றோம்.